தாவரப் புரதம்: பருப்பா, சோயாவா, பவுடரா, போலி இறைச்சியா?

'தாவரப் புரதம்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டுகள் இப்போது எங்கும் கண்ணில் படுகின்றன. பவுடர், பார், பால் மாதிரி ஒரு பானம், இறைச்சி மாதிரி ஒரு துண்டு, ஏன், பிஸ்கட்டிலும் பாஸ்தாவிலும்கூட. வாங்குகிறவர்கள் கேட்பதால்தான் விற்கிறார்கள். கேட்பதற்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குக் கொலஸ்ட்ரால், இன்னொருவருக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை, வேறொருவர் உடற்பயிற்சி செய்கிறவர், சிலருக்கு விலங்குகளைக் கொல்வதில் உடன்பாடில்லை, அப்புறம் பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே பெயரில் விற்கப்படும் பொருட்கள் ஒன்றோடொன்று பெரிய சம்பந்தம் இல்லாதவை. வேகவைத்த பருப்பும் தாவரப் புரதம்தான், பட்டாணியிலிருந்து பிரித்தெடுத்த பவுடரும் தாவரப் புரதம்தான். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பருப்பு, பயறு வகைகளும் சோயாவும் போதும். பவுடர் குறிப்பிட்ட சிலருக்குத்தான் தேவை. போலி இறைச்சி, இறைச்சியைக் கைவிட நினைக்கிறவர்களுக்கு உதவும். ஏற்கெனவே சாப்பிடாதவர்களுக்கு அதில் லாபம் குறைவு.

குறைகிறதா என்று முதலில் பாருங்கள்

ஆரோக்கியமான ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 50 கிராம். வயதானவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. நாள் முழுக்கச் சாப்பிடும் தானியமும் காய்கறியுமே இதில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே ஒரு வாரம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிப் பார்த்துவிட்டு, எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தபிறகு கடைக்குப் போவது நல்லது. 10 கிராம் குறைகிறவருக்கும் 50 கிராம் குறைகிறவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

லேபிளில் ஏமாறும் இடங்கள்

உலர்ந்த பருப்பு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம். அதையே வேகவைத்தால் 100 கிராமில் 9 கிராம்தான். புரதம் எங்கும் ஓடிவிடவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது, அவ்வளவுதான். மீல்மேக்கர் என்று வீடுகளில் சொல்லும் சோயா உருண்டையிலும் இதே கதை: பாக்கெட்டின் மேல் 100 கிராமில் 50 கிராம் புரதம் என்று போட்டிருப்பார்கள், ஊறவைத்துப் பிழிந்தால் எடை இரண்டு மூன்று மடங்காகிவிடும். எனவே ஒரு பொருளின் உலர்ந்த எடையை இன்னொன்றின் சமைத்த எடையோடு வைத்துப் பார்த்தால் கணக்கே தப்பிவிடும்.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: 20 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு சாப்பிட வேண்டும், அதோடு எத்தனை கலோரி உள்ளே போகும்? வேகவைத்த பருப்பு என்றால் சுமார் 220 கிராம், 260 கலோரி. உலர்ந்த சோயா உருண்டை 40 கிராம், 140 கலோரிக்குள். 80 சதவீதம் புரதம் உள்ள பட்டாணிப் பவுடர் 25 கிராம், ஏறக்குறைய 100 கலோரி. இங்கிருந்து விஷயம் சுவாரசியமாகிறது. நிலக்கடலை என்றால் 77 கிராம், 440 கலோரி. பாதாம் 95 கிராம், 550 கலோரி. வேகவைத்த கினோவா கிட்டத்தட்ட அரைக் கிலோ, அதுவும் 550 கலோரிக்குப் பக்கத்தில். கொட்டைகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் நல்ல கொழுப்பு இருக்கிறது. ஆனால் 'புரதம் நிறைந்தது' என்று சொல்லி விற்கும் பீனட் பட்டரில் பாதி எடை கொழுப்பு. கினோவா நல்ல தானியம், அவ்வளவே. அதைப் புரதத்துக்காக வாங்குகிறவர் அரைக் கிலோவைத் தட்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பானங்களில் வித்தியாசம் இன்னும் பெரியது. ஒரு கப் சோயா பாலில் 7, 8 கிராம் புரதம், கிட்டத்தட்ட மாட்டுப்பால் அளவு. பாதாம் பானத்தில் பெரும்பாலும் 1 கிராம். ஓட்ஸ் பானத்தில் 2, 3 கிராம். மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில். குழந்தைக்கு மாட்டுப்பாலை நிறுத்திவிட்டுப் பாதாம் பானத்தைக் கொடுக்கிறவர்கள் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது அவசியம்.

அப்புறம் தரம். லேபிளில் வரும் புரத அளவு பல நேரங்களில் புரதத்தை நேரடியாக அளந்து போட்டதல்ல. 1883இல் டென்மார்க் வேதியியலாளர் யோஹான் கெல்டால் உணவிலுள்ள நைட்ரஜனை அளக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதுதான் இதன் ஓட்டை. 2008இல் சீனாவில் பால்பவுடரில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார்கள். பவுடர்களில் கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருட்களைச் சேர்த்து எண்ணை ஏற்றிக்காட்டும் வேலையும் நடக்கிறது. பொருள் பட்டியலில் இவை தனியாகத் தலைகாட்டினால் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

உண்மையான புரதமாகவே இருந்தாலும் எல்லாம் ஒரே தரம் அல்ல. நம் உடம்பால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்கள் எந்த விகிதத்தில் உள்ளன, எவ்வளவு செரிக்கிறது என்பதை வைத்து மதிப்பெண் போடும் முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1991இல் கொண்டுவந்தன. 2013இல் அதைவிடத் துல்லியமான ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். பழைய முறைப்படி பாலும் முட்டையும் முழு மதிப்பெண்ணான 1 வாங்குகின்றன. பிரித்தெடுத்த சோயாப் புரதம் ஏறக்குறைய அதே அளவு. பட்டாணிப் புரதம் 0.8, 0.9 என்று வரும். கோதுமை குளூட்டன் 0.25தான். குளூட்டனில் எடைக்கு முக்கால் பங்கு புரதம் இருந்தும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவாக இருப்பதால் இந்த நிலை. பருப்பு வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. தானியங்களில் நேர் எதிர். இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். ஒரே வேளையில் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்று ஒரு காலத்தில் கண்டிப்பாகச் சொன்னார்கள். அது தேவையில்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும்.

பருப்பும் பயறும்

நார்ச்சத்து, இரும்பு, சுற்றுச்சூழல் என்று எதில் வைத்துப் பார்த்தாலும் இவற்றை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதத்தோடு 8 கிராம் நார்ச்சத்தும் வருகிறது. பவுடரிலும் போலி இறைச்சியிலும் இந்த அளவு வராது. 2018இல் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி வெளியிட்ட கணக்கு இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் எடுக்க சராசரியாக 50 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு வெளியாகிறது. சோயா பாலை உறையவைத்துச் செய்யும் டோஃபுவுக்கு 2 கிலோ. பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா வழியாகச் செடியே பிடித்துக்கொள்வதால் இவற்றுக்கு நைட்ரஜன் உரம் அவ்வளவாகத் தேவைப்படாது என்பது ஒரு முக்கியக் காரணம்.

குறைகளும் உண்டு. முதல் குறை நேரம்: ஊறவைக்க வேண்டும், வேகவைக்க வேண்டும். இரண்டாவது, வயிறு. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லை. அவை பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகின்றன, வாயு உண்டாகிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கொஞ்சம் குறையும். பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடாமல் சில வாரங்களில் மெல்லக் கூட்டினால் வயிறு பழகிவிடும்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு, நாலைந்து விதைகளிலேயே வாந்தி, வயிற்றுப்போக்கை வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். கொதிநிலைக்கு வராமல் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்கள் இதற்கு ஆகாது. 80 டிகிரியில் சூடுபடுத்தினால் நச்சு குறையாமல் கூடவும் வாய்ப்புண்டு. பிரஷர் குக்கரில் இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது குறை கொள்ளளவு. ஒரு நாளைக்கு 100 கிராம் புரதம் தேவைப்படும் விளையாட்டு வீரர் பருப்பை மட்டும் நம்பினால் ஒரு கிலோவுக்கு மேல் வேகவைத்துச் சாப்பிட வேண்டும். பசி குறைந்த முதியவருக்கு அதில் கால் பங்குகூட இறங்காது. இந்த இரண்டு பேருக்கும் வேறு வழி வேண்டும்.

சோயா

அந்த வேறு வழி பெரும்பாலும் சோயாவிலேயே கிடைத்துவிடும். புரதத்தின் அளவு, தரம் இரண்டிலும் பயறு வகைகளில் இதற்கு முதலிடம். டோஃபு சாப்பிட எளிது, மென்று தின்ன முடியாதவர்களுக்கும் ஏற்றது. ஆனால் பிராண்டைப் பொறுத்து 100 கிராமில் 8 கிராமும் இருக்கலாம், 17 கிராமும் இருக்கலாம். தண்ணீர் எவ்வளவு பிழியப்பட்டது என்பதுதான் வித்தியாசம். கால்சியம் சல்பேட் போட்டு உறையவைத்த டோஃபு என்றால் நல்ல அளவு கால்சியமும் சேர்ந்து கிடைக்கும்; பால் குடிக்காதவர்கள் பொருள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி வாங்கலாம். முழு சோயாவைப் பூஞ்சை கொண்டு புளிக்கவைத்துச் செய்யும் இந்தோனேசிய டெம்பேயில் 100 கிராமுக்கு 19, 20 கிராம் புரதம், நார்ச்சத்தும் போகாமல் இருக்கும். சோயா உருண்டை, எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவை அழுத்தத்திலும் சூட்டிலும் பொரிபோல் உப்பவைத்துச் செய்வது. புரதத்துக்குக் கொடுக்கும் காசைக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் இதுதான் ஜெயிக்கும்.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் குறையும் என்ற பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன் என்ற பொருள், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் வடிவத்தை ஒத்திருப்பதால் வந்த பயம் இது. மனிதர்களிடம் நடத்திய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2010, 2021 ஆண்டு ஆய்வுகள் இரண்டிலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு மாறவில்லை என்றே தெரியவந்தது. உண்மையிலேயே கவனிக்க வேண்டியவர்கள் வேறு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு சோயா அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும், அதனால் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. காடழிப்பு பற்றிக் கவலைப்பட்டு டோஃபுவை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகத்தான் போகிறது.

பவுடர்

பட்டாணிப் பவுடர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் தானாகப் புரியும். தோல் நீக்கிய பட்டாணி மாவைக் காரத் தண்ணீரில் கரைப்பார்கள். புரதம் கரைந்து மேலே வரும், மாவுச்சத்தும் நாரும் தனியாகிவிடும். அப்புறம் அமிலம் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்தால் புரதம் திரண்டு அடியில் படியும். அதை எடுத்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பவுடர். இதில் எடைக்கு 80 சதவீதம் புரதம், செரிமானமும் சுலபம். நார்ச்சத்து போய்விட்டது. பச்சைப் பட்டாணி வாடை மட்டும் போகாது. அதை மறைக்கத்தான் இத்தனை சாக்லேட், வெனிலா, செயற்கை இனிப்பு.

தசை வளர்க்கப் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன்தான் வேண்டும், தாவரப் புரதம் ஆகாது என்பவர்களுக்கு இரண்டு சோதனைகள் பதில் சொல்கின்றன. 2015இல் 161 ஆண்கள் 12 வாரம் பயிற்சி செய்தபோது, பட்டாணிப் பவுடர் எடுத்தவர்களுக்கும் வே எடுத்தவர்களுக்கும் கைத்தசைத் தடிமனில் பொருட்படுத்தும்படி வித்தியாசம் வரவில்லை. ஆய்வில் பட்டாணிப் புரதம் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2021இல் வந்த இன்னொன்றில், பால், முட்டைகூட இல்லாத முழுத் தாவர உணவோடு சோயாப் பவுடர் எடுத்தவர்களும் எல்லாம் சாப்பிட்டு வே எடுத்தவர்களும், இருவருக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தபோது, 12 வாரத்தில் ஒரே அளவு தசை, பலம் பெற்றார்கள். அளவு சரியாக இருந்தால் மூலம் அவ்வளவாக முக்கியமில்லை.

எனக்குத் தயக்கம் தருவது வேறு ஒன்று. செடிகள் மண்ணிலிருந்து ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சுகின்றன; புரதத்தைச் செறிவாக்கும்போது இவையும் சேர்ந்து வந்துவிடுகின்றன. 2025இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 23 பவுடர், பான வகைகளைச் சோதித்தபோது, தாவர வகைகளில் ஈயம் சராசரியாகப் பால் வகைகளைவிட ஒன்பது மடங்கு இருந்தது. அந்த அமைப்பு வைத்திருக்கும் வரம்பு மிகக் கடுமையானது. அதைத் தாண்டியதும் உடனே ஆபத்து என்று பொருளில்லை. ஆனால் தினமும் இரண்டு ஸ்கூப், வருடக்கணக்கில் என்று போகிறவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளி ஆய்வகத்தின் சோதனை முத்திரை உள்ளதா, உலோக அளவுகளை நிறுவனம் வெளியிடுகிறதா என்று பார்த்து வாங்கலாம். சாக்லேட் சுவையில் கொக்கோவிலிருந்தும் உலோகம் வரும் என்பதால் வெனிலா தேவலாம்.

பசி குறைந்த முதியவர், அறுவை சிகிச்சைக்குப் பின் தேறி வருகிறவர், தினம் 100 கிராமுக்கு மேல் தேவைப்படும் விளையாட்டு வீரர்: பவுடர் இவர்களுக்கு. காலையில் நேரமில்லை என்பதற்காக மட்டும் என்றால் ஒரு டம்ளர் சோயா பாலே அந்த வேலையைச் செய்துவிடும்.

போலி இறைச்சி

இந்தச் சந்தையின் ஏற்ற இறக்கம் நல்ல வேடிக்கை. 2009இல் தொடங்கிய பியாண்ட் மீட் என்ற போலி இறைச்சி நிறுவனம் 2019 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்கு விலை 25 டாலர். முதல் நாளே 65 டாலரைத் தாண்டியது, சில மாதங்களில் 200ஐத் தாண்டியது. அப்புறம் சரிந்து பத்து டாலருக்கும் கீழே போனது. ஆவலாக ஒருமுறை வாங்கிப் பார்த்தவர்களில் பலர் திரும்ப வரவில்லை. தாவரப் புரதத்தின் மீதான ஆர்வமே போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இறைச்சியைவிட விலை அதிகம், சுவையில் இன்னும் ஒரு படி கீழே, பொருள் பட்டியல் நீளம் என்றால் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

சத்தைப் பார்த்தால், 113 கிராம் துண்டு ஒன்றில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. மாட்டிறைச்சிக்கு அருகில் வந்துவிட்டது. உப்புதான் உதைக்கிறது: பல தயாரிப்புகளில் துண்டுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். தேங்காய் எண்ணெய் சேர்த்தவற்றில் நிறைவுற்ற கொழுப்பும் அதிகம். எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 36 பேரிடம் எட்டு வாரம் இறைச்சி, எட்டு வாரம் போலி இறைச்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. போலி இறைச்சி சாப்பிட்ட காலத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது. இதற்கும் அந்தப் பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் நிதியுதவி இருந்தது, இருந்தாலும் திசை நம்பத் தகுந்ததுதான். ஆக, தினமும் பர்கர் சாப்பிடுகிறவர் மாறினால் லாபம். பருப்பு சாப்பிடுகிறவர் இதற்கு மாறினால் நார்ச்சத்தைக் கொடுத்து உப்பை வாங்குகிறார்.

பலாக்காயை இறைச்சிபோல் பிய்த்துப் போட்டு விற்கும் பாக்கெட்டுகளும் இதே வரிசையில் இருக்கும். மென்றால் இறைச்சி மாதிரிதான், புரதம் 100 கிராமில் 2 கிராம்கூடத் தேறாது. குவார்ன் என்ற பிராண்ட் மாதிரியானவை செடியே அல்ல, பூஞ்சை. ஆனால் புரதம் நல்ல தரம்.

காசு, மற்றும் மூன்று எச்சரிக்கைகள்

விலையைப் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒப்பிடாதீர்கள். பாக்கெட் விலையை, அதிலுள்ள மொத்தப் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள். கைபேசியில் அரை நிமிட வேலை. 'ஹை புரோட்டீன்' பிஸ்கட்டும் பாரும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. அவர்களுக்குப் புரதத்தின் அளவே மருந்துபோல் எழுதித் தரப்படுவது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சிலருக்கு லூபின் என்ற பயறும் பட்டாணிப் புரதமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், முதலில் சிறிதளவு எடுப்பதைக்கூட மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். பால், முட்டை உட்பட எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களுக்குப் பி12 வைட்டமின் மேலே சொன்ன எதிலிருந்தும் நம்பும்படி கிடைக்காது. டெம்பேயில் இருக்கிறது, கடற்பாசியில் இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருந்துவிடாமல், மாத்திரையோ பி12 சேர்த்த சோயா பாலோ எடுத்துக்கொண்டு, அவ்வப்போது இரத்தப் பரிசோதனையில் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.